சாக்லேட்டும் இல்லை, சர்க்கரையும் இல்லை

நாய்க்கு முடி வெட்டுவதெல்லாம் ஒரு தொழிலா என்று இளக்காரமாகக் கேட்பவர்கள் ஒரே ஒரு நாள் அந்தக் கடையில் வந்து நின்று பார்க்க வேண்டும். குளித்தால் உயிர் போய்விடும் என்று நம்புகிற ஒரு பெரிய நாயைத் தொட்டிக்குள் இறக்கி, நுரை போட்டு, அலசி, சூடான காற்றில் உலர்த்தி, கண்ணை மறைக்கிற முடியைக் கண்ணில் படாமல் வெட்டி, காதைத் துடைத்து, நகத்தையும் நறுக்கி அனுப்புவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். அத்தனையையும் ஒற்றை ஆளாகச் செய்தவளைத் தெருவே கத்தரி அக்கா என்றது. வேகமாகக் கூப்பிட்டால் அது கத்தரிக்கா என்று காய்கறியாகிவிடும். அவள் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டாள். "காயோ பழமோ, எதுவா வேணா கூப்பிடுங்க, நாயை நேரத்துக்குக் கொண்டாங்க" என்பாள்.

கை எவ்வளவு பொறுமையோ, வாய் அவ்வளவு அவசரம். அதிலும் நாய்க்கு யாராவது சாக்லேட் கொடுத்தார்கள் என்று காதில் விழுந்துவிட்டால் போதும், அன்றைக்கு அவர்களுக்கு நேரம் சரியில்லை. "ஒரு துண்டுதான் குடுத்தேன்க்கா" என்று ஒரு பெண் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டாள்.

"ஒரு துண்டுதானா? எதுக்கு அவ்வளவு கஷ்டம், வீட்ல எலி மருந்து இருக்கும்ல, அதக் குடுத்துடுங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்!" என்று ஆரம்பித்தாள். "நம்ம உடம்பு சாக்லேட்டக் கரைச்சு வெளிய தள்ளிடும். நாய் உடம்புக்கு அந்த வித்தை தெரியாது. உள்ளயே கெடந்து இதயத்தப் போட்டு உலுக்கும். கறுப்பா, கசப்பா இருக்கிற சாக்லேட்தான் பெரிய எமன். வெள்ளைச் சாக்லேட்ல அந்த விஷம் ரொம்பக் கம்மி, ஆனா முழுக்கக் கொழுப்பு. அதுவும் வேணாம்."

"அப்போ அதுக்கும் ஆசை இருக்காதாக்கா?"

"அதுக்குத்தான் கரோப் இருக்கே!" என்று மேஜைக்கு அடியிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். "கரோப்னு ஒரு மரம். அதோட காயைப் பொடிச்சா நிறம், வாசனை எல்லாம் சாக்லேட் மாதிரியே இருக்கும். அந்த விஷம் மட்டும் கிடையாது. நாய் பாட்டுக்குத் திங்கட்டும்."

சும்மா சொல்லக் கூடாது, அவள் பேசியதில் ஒரு சொல் தப்பில்லை. எல்லாம் சரியான தகவல்தான். அவளிடம் திட்டு வாங்கிய பல நாய் வீட்டுக்காரர்கள் சாக்லேட்டை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டார்கள், சில நாய்கள் அதனால் பிழைத்தும் இருக்கும். ஊருக்கு உபதேசம் செய்கிறவர்களுக்கு வருகிற வினை, தெரியாததால் வருவதில்லை. பாதி தெரிந்ததால் வருவது.

அவள் தொழிலில் இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும். நகம் வெட்டுவது என்றால் எந்த நாயும் சும்மா நிற்காது. கொஞ்சம் உள்ளே போனால் ரத்தம் வந்துவிடும், நாய் ஆடினால் கட்டாயம் வரும். அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். மேஜையை ஒட்டிய ஓடு பதித்த சுவரில், நாயின் மூக்குக்கு நேராக, ஒரு கை நிறைய பீநட் பட்டரை அப்பிவிடுவாள். நாய் உலகத்தையே மறந்து சுவரை நக்கிக்கொண்டிருக்கும். அவள் பின்னால் நின்று ஒவ்வொரு காலாகத் தூக்கி நகத்தை நறுக்கிவிடுவாள். சுவர் பளபளவென்று ஆகும்போது வேலையும் முடிந்திருக்கும். "எனக்குச் சம்பளமில்லாத ஒரு ஆளு இந்தச் சுவரு" என்று பெருமையடித்துக்கொள்வாள்.

இனிமேல்தான் அவளுடைய சொந்த உடம்பு கதைக்குள் வருகிறது. கத்தரி அக்காவுக்குச் சர்க்கரை வந்தது. இனிப்பென்றால் உயிரை விடுகிறவள் அவள். வாயைக் கட்டச் சொன்னதும் ஒரு வாரம் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாவமாக இருந்ததோ என்னவோ, வெளியூரில் வேலை பார்க்கிற மகள் ரொட்டியில் தடவித் தின்ன ஒரு பாட்டில் பசை வாங்கி அனுப்பினாள். கரோப்பில் செய்தது. 'சாக்லேட் இல்லை, சர்க்கரையும் இல்லை' என்று மேலே பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பஸ் ஓட்டுகிற புருஷன் ஒரு விரல் நக்கிப் பார்த்துவிட்டு, "சாக்லேட்டும் இல்ல, சர்க்கரையும் இல்ல, அப்புறம் இதுல என்னதான்டி இருக்கு?" என்று கேட்டான். அவள் அவனை முறைத்துவிட்டு பாட்டிலைக் கடைக்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டாள்.

அந்தக் கேள்வியை அவன் விளையாட்டுக்குத்தான் கேட்டான். அவளும் யோசித்துப் பார்க்கவில்லை.

மந்திரி என்று ஒரு நாய். பழுப்பு நிறம், தொங்கு காது, தொப்பை தரையைத் தொடாத குறை. நடக்கிறபோது தெருவில் உள்ள அத்தனை பேரும் எழுந்து நிற்க வேண்டும் என்பது போல மெதுவாக நடக்கும். அதனால்தான் அந்தப் பெயர். அதைக் கூட்டிவருகிறவர் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்து ஓய்வு பெற்ற பெரியவர். எந்தத் தெரு எந்தப் பையில் விழ வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். வேலை முடிந்து எத்தனையோ காலம் ஆகியும் யாராவது ஒரு தெருவின் பெயரைச் சொன்னால் அதன் தபால் எண்ணைச் சட்டென்று சொல்லிவிட்டுச் சிரிப்பார். அவருக்கும் சர்க்கரை உண்டு. சட்டைப் பையில் எப்போதும் சர்க்கரையில்லாத மிட்டாய் சில கிடக்கும். மகன் வெளியூர் வேலை. மருமகள் பள்ளியில் கணக்கு டீச்சர். பகலெல்லாம் வீட்டில் பெரியவரும் மந்திரியும்தான். காலையும் மாலையும் அவர்கள் இருவரும் நடக்கப் போவதைப் பார்த்துப் பலர் நேரம் தெரிந்துகொண்டார்கள்.

அன்றைக்கு மந்திரிக்கு நகம் வெட்ட வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றால் நாய் செல்லம் கொஞ்சும் என்று பெரியவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தாள். மந்திரியை மேஜையில் ஏற்றிப் பார்த்தால், பீநட் பட்டர் தீர்ந்துபோயிருந்தது. டப்பாவின் அடியைச் சுரண்டியும் ஒரு நகத்துக்குக்கூடத் தேறாது. மந்திரியோ கத்தரியைப் பார்த்ததும் மேஜை ஆடுகிற அளவுக்கு நடுங்க ஆரம்பித்துவிட்டது. அலமாரியில் அவளுடைய சொந்தப் பாட்டில் இருந்தது. எடுத்தாள். சாக்லேட்டா? இல்லை. கரோப்தான், நாய்க்கு ஆகும். சர்க்கரையா? அதுவும் இல்லை. இதைவிட நல்லது ஒன்று உண்டா என்று அரைப் பாட்டிலைச் சுவரில் அப்பினாள். அப்பியபோது தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து லேசாகச் சிரிக்கவும் செய்தாள். மந்திரி நக்கோ நக்கென்று நக்கியது. நகம் வெட்டியதே அதற்குத் தெரியவில்லை.

"பாருங்க ஐயா, உங்க மந்திரி எவ்வளவு சமத்தா நின்னாரு!" என்று கயிற்றைக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

மத்தியானத்துக்குள் டீச்சரிடமிருந்து போன் வந்தது. குரலே சரியில்லை. "அக்கா, மந்திரி வாந்தி எடுத்து, கால் பின்னிப் பின்னி விழுந்துட்டான்க்கா. டாக்டர்கிட்ட வந்திருக்கோம். உங்க கடையில ஏதாவது தின்னுட்டானா? சாக்லேட் மாதிரி ஏதாவது?"

சாக்லேட் என்ற சொல் காதில் விழுந்ததும் கத்தரி அக்காவுக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது. "சாக்லேட்டா? என் கடையிலயா? என்ன டீச்சர் கேக்கறீங்க, ஊருக்கே சொல்றவ நானு! மொதல்ல உங்க மாமனார் சட்டைப் பையப் பாருங்க. எப்பப் பாத்தாலும் உள்ள ஏதாவது சலசலன்னுட்டே இருக்கும்."

"டாக்டரும் சாக்லேட் இல்லன்னுதான் நினைக்கிறாருக்கா. சாக்லேட் தின்னா பதறும், துள்ளும், இது துவண்டு கெடக்கேன்றாரு. ரத்தத்துல சர்க்கரை அடியோட எறங்கிடுச்சாம். சர்க்கரைக்குப் பதிலா போடற இனிப்பு எதையாவது தின்னுச்சான்னு கேக்கறாரு."

கத்தரி அக்காவின் கண் அலமாரிக்குப் போனது. பாட்டில் மூடி திறந்தபடி இருந்தது. "இருங்க, கூப்பிடறேன்" என்று போனை வைத்துவிட்டுப் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால்தான் தெரிகிற பொடி எழுத்தில் கரோப்புக்கு அடுத்தபடியாகவே சைலிட்டால் என்று இருந்தது. மனிதனுக்கு ஒன்றும் செய்யாத இனிப்பு. நாய்க்கு அது உள்ளே போனதும் உடம்பிலுள்ள சர்க்கரையெல்லாம் சரசரவென்று இறங்கிவிடும், அதிகமானால் ஈரலையும் தின்றுவிடும். அந்தப் பெயர் அவளுக்குத் தெரியாததா? சூயிங்கம்மைக் கீழே துப்புகிறவர்களை இதே இனிப்பின் பெயரைச் சொல்லித்தான் திட்டுவாள். கரோப் என்ற சொல்லைப் பார்த்ததும் அவள் கண் அதோடு நின்றுவிட்டது.

உடனே ஆஸ்பத்திரிக்கே போன் போட்டு டாக்டரைக் கேட்டாள். இதுவரை சரி. அவர் வந்ததும், "சைலிட்டாலாத்தான் இருக்கும் சார், சந்தேகமே வேணாம், நிறைய தின்னிருக்கும்னு வச்சே வைத்தியம் பாருங்க" என்றாள். அதுவும் சரி. "எதுல இருந்தது, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்டார். அங்கேதான் அவள் சறுக்கினாள். ஒரு நிமிஷம் தைரியமாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"அனுபவத்துல ஒரு தோணல்தான் சார். அந்த வீட்டுப் பெரியவருக்குச் சர்க்கரை. அவர் வாயில போட்டுக்கற மிட்டாய் ஏதாவது..." என்று வாய் தானாகச் சொல்லி முடித்தது.

"நல்ல நேரத்துல சொன்னீங்கம்மா" என்றார் டாக்டர்.

பாட்டிலைக் குப்பையில் போட்டாள். சுவரைத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கச் சுவர் வெளுத்தது, அவளுக்குத்தான் ஒன்றும் வெளுக்கவில்லை.

மந்திரி பிழைத்துக்கொண்டது. குளுக்கோஸ் ஏற்றி, சில நாள் அங்கேயே வைத்து ஈரலைச் சோதித்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். டீச்சர் ஒரு பை நிறையப் பழத்தோடு கடைக்கு வந்தாள். வந்ததும் கத்தரி அக்காவின் ஈரக் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மட்டும் போன் பண்ணலன்னா என் புள்ள போயிருப்பான்க்கா. டாக்டரே சொன்னாரு, அந்தம்மாவுக்கு என்ன அனுபவம்னு."

கத்தரி அக்காவுக்குக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இழுக்கவில்லை. "ஐயா எப்படி இருக்காரு?" என்று கேட்டாள்.

டீச்சரின் முகம் மாறியது. "அவர் பையில அந்த மிட்டாய் இருந்துச்சுக்கா, நீங்க சொன்ன மாதிரியே. குடுத்தீங்களா மாமான்னா, இல்லவே இல்லன்னாரு. திரும்பத் திரும்பக் கேட்டதும், குடுத்திருப்பேனோ, எனக்கு ஞாபகம் இல்லயேன்றாரு. எனக்குக் கைகால் ஓடல. குடுத்தது கூடப் பரவாயில்லக்கா, குடுத்ததே நினைவில்லன்னா? நாளைக்கு அடுப்ப மூட மறந்தா? எங்க வீட்டுக்காரரும் போன்ல பயந்துட்டாரு. அடுப்புப் பக்கம் போகாதீங்க, மந்திரியத் தனியா கூட்டிட்டுப் போகாதீங்கன்னு சொல்லி வச்சிருக்கோம். மறதிக்குப் பாக்கற டாக்டர்கிட்ட காட்டணும். அதுக்கப்புறம், பெரியவங்களப் பாத்துக்கற எடம் ஏதாவது விசாரிக்கணும்ன்றாரு இவரு."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் செய்தவளுக்கு ஆப்பிளும் ஆரஞ்சும் கிடைத்திருந்தது. "ம்" என்றாள் கத்தரி அக்கா. அந்த வாயிலிருந்து வந்ததிலேயே சின்னச் சொல் அதுதான்.

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தான். முதலில், "ஊரையே மிரட்டுனவ நீ, சுவத்துல வெஷத்த அப்பிட்டியா!" என்று சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

"இந்தா, நாய் பொழச்சிடுச்சில்ல. கடையும் பொழைக்கணும். வெளிய தெரிஞ்சா எவன் உன்னை நம்பி நாயைக் கொண்டாருவான்? ஒரு தடவயாவது வாய மூடிட்டு இரு."

"அந்த மனுஷனுக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணிட்டாங்களேங்க."

"வயசானா மறதி வரத்தான் செய்யும். இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு." சொல்லிவிட்டு அவளைப் பார்க்காமல், கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினான்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். அதுதான் அதிசயம். யாரோ ஒருவர் வந்து, "அக்கா, கேக்ல இருந்த சாக்லேட்ட நக்கிட்டான், என்ன பண்றது?" என்று கேட்டார். பழைய கத்தரி அக்காவாக இருந்தால் ஆடியிருப்பாள். இப்போது, "டாக்டர்கிட்ட கேளுங்க, எனக்கு என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள். ஊர் அதையும் அடக்கம் என்றது. வெட்கம் என்பது முகம் சிவப்பது என்று நினைப்பவர்களுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. பாராட்டைக் கேட்டு நாக்கு உள்ளே இழுத்துக்கொள்வதுதான் வெட்கம். அவள் அதை நாள் முழுக்க மென்றுகொண்டிருந்தாள்.

ஒரு காலையில் பெரியவர் வந்தார். நாய் இல்லாமல் வந்தார். கை இரண்டையும் எங்கே வைப்பதென்று தெரியாதவராக வாசலில் நின்றார்.

"உள்ள வாங்க ஐயா."

"இல்லம்மா, ஒரே ஒரு விஷயம் கேட்டுட்டுப் போயிடறேன். நீ நல்ல பொண்ணு, பொய் சொல்ல மாட்ட. அன்னிக்கு நான் இந்த பெஞ்சுல உக்காந்திருந்தேன். நீ மந்திரிய என் கையில குடுத்த. அதுவரைக்கும் தெளிவா இருக்கு. அப்போ நான் பையில இருந்து எதையாவது எடுத்து அதுக்குக் குடுத்தேனா? நீ பாத்தியா?"

அவள் கையில் கத்தரி இருந்தது. அதைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"எனக்கு என்ன பயம்னா," என்று பெரியவர் குரலைத் தாழ்த்தினார், "குடுத்தது ஞாபகம் இல்லன்னா, வேற எதெல்லாம் பண்ணிட்டு மறந்திருக்கேனோ? வர்ற வழியில தெருவெல்லாம் சொல்லிப் பாத்தேன். எண்ணெல்லாம் வருது. ஒண்ணு மட்டும் வரல. முன்னாடி வரும். நீ பாத்திருந்தா சொல்லிடும்மா. குடுத்தேன்னாலும் பரவாயில்ல. தெரிஞ்சா போதும்."

சொல்லடி, சொல்லித் தொலை என்று அவளுக்குள்ளேயே ஒருத்தி கத்தினாள். அவளோ, "நான் உள்ள வேலையா இருந்தேன் ஐயா. எனக்குத் தெரியல" என்றாள்.

"சரிம்மா, சரி. தொந்தரவு பண்ணிட்டேன்" என்று அவர் அவளுக்கு நன்றி வேறு சொன்னார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள். தெருமுனையில் நின்று, தெருப்பெயர்ப் பலகையை அண்ணாந்து படித்து, உதடு அசைய எதையோ சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார். காரி உமிழ்ந்திருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும்.

சில நாளில் டீச்சரே மந்திரியைக் குளிப்பாட்டக் கூட்டிவந்தாள். பள்ளி விடுமுறை. மந்திரி கொஞ்சம் மெலிந்திருந்தது, அதிகாரம் குறையவில்லை. தொட்டியில் இறக்கி நுரை போட்டுக்கொண்டிருக்கும்போதே அது திமிறிக்கொண்டு மேஜை மேல் தாவி ஏறி, நேராகச் சுவருக்குப் போய், வெறும் சுவரை நக்க ஆரம்பித்தது. அந்த இடத்தையே நக்கியது. அவ்வப்போது திரும்பி, எங்கே அது என்று கேட்பது போல அவள் முகத்தைப் பார்த்தது.

டீச்சர் சிரித்தாள். "பாருங்கக்கா, உங்க சுவர மறக்கவே இல்ல. இந்த நாய்க்கு இருக்கற ஞாபகம் வீட்ல மாமாவுக்கு இல்ல. நாளைக்குத்தான் அந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். நேத்தெல்லாம் சாப்பிடவே இல்ல மனுஷன்."

கத்தரி அக்கா குழாயை மூடினாள். "ஐயா வீட்ல இருக்காரா?"

"இருக்காரு. ஏன்க்கா?"

"வாங்க போலாம்."

"நாய் மேல நுரை இருக்கு..."

"இருந்தா இருக்கட்டும், வாங்கன்றேன்ல!" என்று மந்திரியை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் நடந்தாள். மந்திரி லேசான உடம்பா? தெருவெல்லாம் நுரை சொட்டியது. பின்னால் டீச்சர் ஓட, சலவைக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னக்கா, மந்திரி ஊர்வலமா?" என்று கேட்டார். அவளுக்கு யாருக்கும் பதில் சொல்ல மூச்சில்லை. நின்றால் சொல்ல மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

பெரியவர் கூடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். முகம் மழித்து நாளாகியிருந்தது. ஈர நாய் இடுப்பிலிருந்து குதித்து அவர் மடியில் ஏறப் போக, அவர் பதறிக் கையிரண்டையும் மேலே தூக்கிக்கொண்டார். "நான் தொடல, நான் ஒண்ணும் குடுக்கல" என்று மருமகளைப் பார்த்துச் சொன்னார். அதைக் கேட்டதும் கத்தரி அக்காவுக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பயமும் போய்விட்டது.

"நீங்க குடுக்கல ஐயா. நான்தான் குடுத்தேன். நகம் வெட்டறப்போ சுவத்துல அப்பினேன். எனக்குன்னு வச்சிருந்த பாட்டில். கரோப்னு நெனச்சு அப்பினேன், அதுல அந்த இனிப்பு இருந்துச்சு. அன்னிக்கு மத்தியானமே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் டாக்டர்கிட்ட உங்க பேரச் சொன்னேன்."

மந்திரி கூடத்தின் நடுவில் நின்று உடம்பை உதறியது. டீச்சரின் புடவையெல்லாம் நுரை தெறித்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"நான் உங்களுக்குப் பழம் வாங்கிட்டு வந்தேனேக்கா," என்றாள் டீச்சர். குரல் உயரவே இல்லை. "உங்க கையப் பிடிச்சு அழுதேனே. நீங்க பாத்துட்டே இருந்தீங்களா?"

"ஆமா டீச்சர்."

"இவர் சாப்பிடாமக் கெடந்தாரே. அப்பவும்?"

"அப்பவும்தான். என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன். என் வாய்க்குச் செருப்பால அடிச்சாலும் தகும்."

ஆனால் பெரியவர் இந்தப் பேச்சையெல்லாம் கவனித்ததாகவே தெரியவில்லை. நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றார். "இன்னொரு தடவ சொல்லும்மா" என்றார்.

அவள் இன்னொரு தடவை சொன்னாள். முதல் தடவையைவிட அது கஷ்டமாக இருந்தது.

"அப்போ நான் குடுக்கல."

"குடுக்கல ஐயா."

"குடுத்துட்டு மறக்கல."

"மறக்கல. மறக்கறதுக்கு ஒண்ணுமே நடக்கல."

அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, வாயோ சிரித்தது. மருமகளிடம் மகனுக்குப் போன் போடச் சொன்னார். போட்டதும் அதைக் கத்தரி அக்காவின் கையில் திணித்து, "சொல்லு, அவன்கிட்டயும் சொல்லு" என்றார். முகம் தெரியாத அந்த மகனிடம் அவள் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். பெரியவர் அவள் பக்கத்திலேயே நின்று, பரீட்சை முடிவைக் கேட்கிற பிள்ளை மாதிரி ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் வாசலுக்குத் திரும்பினாள். "இரும்மா, இரு" என்று பெரியவர் கூப்பிட்டார். அவருக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்திருந்தது.

"நடுவுல ஒரு நாள் நான் உன் கடைக்கு வந்தேன்ல? காலையில. தனியா."

"வந்தீங்க ஐயா."

"வாசல்லயே நின்னேன். நான் ஏதாவது குடுத்தத நீ பாத்தியான்னு கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

"நீ கத்தரியக் கீழ வச்சிட்டு மறுபடி எடுத்த. எனக்குத் தெரியலன்னு சொன்ன. சொன்னல்ல?"

அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "சொன்னேன் ஐயா."

"பாத்தியா," என்று பெரியவர் பூரிப்போடு மருமகள் பக்கம் திரும்பினார். "எல்லாம் அப்படியே ஞாபகம் இருக்கு."